புதுப்பதிப்பும் பரமேஸ்வரி அக்காவின் கேள்வியும்

காலையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தபோது கைத்தொலைபேசி சிணுங்கியது. புதிய பதிப்பு தயாராக இருக்கிறதாம். இப்போதே நிறுவட்டுமா, பிறகு நிறுவட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்ல அதில் பொத்தான் இல்லை. நான் தொலைபேசியைக் கவிழ்த்துவைத்து, அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தேன். அதுதான் என் பதில்.

மனைவி பார்த்துவிட்டாள். "ஒரு பொத்தானை அமத்த உவ்வளவு பயமே உங்களுக்கு?"

"பயமில்லை. கொள்கை."

"ஓம், ஓம். கொள்கைக்கு மேல கோப்பையும் வைச்சாச்சு."

அவள் சொன்னால் சொல்லட்டும். கோப்பையின் சூட்டில் தொலைபேசியின் உறை மெல்ல மணக்கத் தொடங்கியது. சூடேறிய பிளாஸ்டிக் மணம். அதோடு வெந்த தூசியும், பக்கத்தில் காயும் கருவாடும் கொஞ்சம் கலந்தால் போதும், நண்பரே, நான் உப்புக்குளத்தில் நவ்பல் நானாவின் கடைக்குள் நிற்பேன்.

கடையின் முன்பக்கம் சவர்க்காரமும் பிஸ்கற்றும் தொலைபேசி அட்டைகளும். பின்பக்கம் ஒட்டுப்பலகை அடித்து மறைத்த இடத்தில் மூன்று கணினிகள். மன்னார்த் தீவின் உப்புக்காற்று தின்னாத பொருள் கிடையாது. கணினிப் பெட்டிகளின் தகட்டில் துரு பூத்திருக்கும். ஒன்று வேலைசெய்ய மறுத்தால் நானா எழுந்து வந்து அதன் பக்கவாட்டில் ஓர் அறை கொடுப்பார். பெரும்பாலும் கேட்கும். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு நானாவும் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனபோது நான் பள்ளிக்கூடப் பையன். அவர் திரும்பி வந்த காலத்தில் நானும் போரில் வன்னியெங்கும் ஓடி, அகதி முகாமில் இருந்து, திரும்பி வந்திருந்தேன். "திரும்பி வாறதில ரெண்டு பேரும் ஒரே வகுப்பு, தம்பி" என்பார்.

எங்கள் ஊர் வெள்ளாங்குளத்துப் பக்கம். போய்ப் பார்த்தால் வீட்டில் சுவர் நின்றது, கூரை இல்லை. ஒரு தொண்டு நிறுவனம் தகரம் கொடுத்தது. அந்தத் தகரங்களைப் பார்த்துக் கொடுக்கும் களஞ்சிய வேலையை எனக்கே கொடுத்தது. வாரம் முழுக்க மன்னார் நகரில் களஞ்சியம், வார முடிவில் ஊர், இடைப்பட்ட நேரத்தில் நவ்பல் நானா கடை. அங்கே உட்கார்ந்துதான் 'தகரக்கொட்டில்' என்ற பெயரில் ஒரு வலைப்பதிவு எழுதினேன்.

என்ன எழுதினேன்? கேலியும் பகிடியும்தான். மலசலகூடத்தைவிட அதைக் கட்டித் தந்தவர்களின் பெயர்ப்பலகை பெரிதாக நின்றதை எழுதினேன். மழை வந்தால் ஊர்ச்சனம் பலகைக்குப் பின்னால் ஒதுங்கியதை எழுதினேன். மரத்தடிக் கூட்டங்களைப் பற்றி எழுதினேன். மீள்குடியேறிய பிறகு நாங்கள் வயலில் நின்ற நேரத்தைவிடக் கூட்டத்தில் இருந்த நேரம் அதிகம். அந்த நாளில் திரட்டி என்று ஒன்று இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழில் யார் எங்கே எழுதினாலும் அதன் முகப்பில் வரிசையாக வந்து விழும். அதைப் பார்த்து ரொறன்ரோவில் பனி தள்ளிவிட்டு வந்தவர் எனக்குப் பின்னூட்டம் போடுவார்: "வாய்க்காலடி மருதமரம் நிக்குதோ?" பெயர் போடாத அனானிகளும் வருவார்கள். அதில் ஓர் அனானி நான் என்ன எழுதினாலும் ஒரே வரிதான் எழுதுவார்: "உனக்கு வேற வேலை இல்லையா?" இருந்தது. தகரம் கொடுக்கிற வேலை. அதுவும் ஒப்பந்த வேலை. ஒவ்வொரு முறை முடியும்போதும் பெரியவர்கள் பார்த்து நீட்டித்தால்தான் உண்டு.

அதனால்தான் மட்டுறுத்தல். பின்னூட்டம் வந்தால் உடனே வெளியே தெரியாது. பதிவின் சொந்தக்காரன் பார்த்து, சரி என்றால் வெளியிடலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம். எனக்கு இந்த இரண்டும் போதவில்லை. வெளியிடவும் பயம், அழிக்கவும் மனமில்லை. என் பதிவுக்கு இலவசமாக வழங்கியில், அதாவது சேர்வரில், இடம் தந்திருந்த நண்பன் ஒருவன் கனடாவில் இருந்தான். அவன் தேடி, செருகி என்று பதிவோடு ஒட்டி வேலைசெய்யும் சின்ன மென்பொருள் ஒன்றைப் பொருத்தித் தந்தான். அதில் 'பிறகு பார்க்கலாம்' என்று ஓர் அறை. உலகத்தில் யாரோ ஒருவர் என்னை மனதில் வைத்தே அந்த மென்பொருளைச் செய்திருக்க வேண்டும்.

அந்த அறைக்குள் கிடந்தவற்றில் ஒன்று பரமேஸ்வரி அக்காவின் கேள்வி.

பரமேஸ்வரி அக்கா எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. புருஷன் இல்லை. கையில் இருந்தது வயல் ஒன்றுதான். அந்த வயலுக்கு வைரவர் கோயிலடியால் போகும் வண்டிப் பாதையை, நாங்கள் திரும்பி வந்தபோது, புதிதாக முளைத்த இராணுவ முகாமின் கம்பி வேலி குறுக்கே மறித்திருந்தது. காட்டுக்குள்ளால் சுற்றிப் போகலாம். ஆள் போகலாம், உழவு இயந்திரம் போகாது. அக்காவின் வயல் உழாமல் ஒரு காலபோகம், மாரி விதைப்பு, போய்விட்டது. அடுத்ததும் வந்துகொண்டிருந்தது.

நான் அந்தக் கம்பியைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. மலசலகூடத்தைப் பற்றி எழுதினேன். பகிடிக்காரனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிய வேண்டும். எனக்கு அது மிக நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் மன்னாருக்குக் கிளினிக்குக்கு வந்த அக்கா, நானா கடைக்குள் வந்து, நான் இல்லாத நேரத்தில், நானாவைக் கொண்டே தட்டச்சுச் செய்வித்துவிட்டுப் போனார். மலசலகூடப் பதிவுக்குக் கீழே, தன் முழுப் பெயரும் ஊர்ப் பெயரும் போட்டு: "வைரவர் கோயிலடியால் எங்கட வயலுக்குப் போற பாதையை எப்ப திறப்பீங்கள்? விதைப்புக்கு முன்னம் திறந்தால் நல்லம்."

அவ்வளவுதான். ஒரு வசவு இல்லை, ஒரு குற்றச்சாட்டு இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல ஒரு கேள்வி. அதைப் பார்த்து எனக்கு வியர்த்த வியர்வையில் விசைப்பலகை நனைந்தது. 'பிறகு பார்க்கலாம்' அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

அக்கா ஒவ்வொரு வார முடிவிலும் வேலிக்கு மேலால் கேட்பார். "தம்பி, ஆரும் பதில் போட்டவையோ?"

"இன்னும் இல்லை அக்கா."

"உலகம் முழுக்க வாசிக்குது எண்டனீர்?"

"வாசிக்கினம் அக்கா. யோசிக்கினம் போல."

"நல்லா யோசிக்கட்டும். நான் விதைநெல்லை வைச்சுக்கொண்டு இருக்கிறன்."

இப்படி இருக்கும்போதுதான் கனடா நண்பன் மின்னஞ்சல் அனுப்பினான். என் மென்பொருள் பழசாகி ஓட்டை விழுந்துவிட்டதாம், எவனாவது உள்ளே புகுந்துவிடுவானாம், உடனே புதுப்பதிப்பை ஏற்றட்டாம். ஒரு வார முடிவில் ஊருக்குப் போகாமல், ஞாயிறு காலை நானா கடையில் உட்கார்ந்தேன். இணையம் ஒரு சின்னக் குச்சியில் வரும். சமிக்ஞை பிடிப்பதற்காக அதை நீளமான வயரில் மாட்டி யன்னல் கம்பியில் ஒட்டுநாடாவால் கட்டியிருந்தார் நானா. கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறின. கடலில் காற்று மாறினால் நின்றன. கடைசிக் கோப்பும் ஏறி முடிந்ததும் பதிவைத் திறந்தேன். வெள்ளைத் திரை. எழுத்தில்லை, படமில்லை, ஒன்றுமில்லை.

"போச்சு நானா. எல்லாம் போச்சு. நான் எழுதினது முழுக்கப் போச்சு."

"மலசலகூடம்தானே தம்பி எழுதினாய்? திருப்பிக் கட்டலாம். இந்தா, சோடாவைக் குடி."

சோடா பாதி முடிவதற்குள் பதிவு திரும்பி வந்தது. புது வார்ப்புரு, புது எழுத்து, குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளைபோல. நான் கதிரையை விட்டு எழும்பிக் கை தட்டினேன். தட்டிய கை பாதியில் நின்றது. மலசலகூடப் பதிவின் கீழே பின்னூட்டங்கள் கூடியிருந்தன. என் செருகி புதுப்பதிப்போடு ஒத்துப்போகவில்லை, கழன்று விழுந்துவிட்டது. 'பிறகு பார்க்கலாம்' அறையில் இருந்தவை எல்லாம் வெளியே வந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. முன்வரிசையில் பரமேஸ்வரி அக்கா, முழுப் பெயரோடு.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதை இன்றுவரை நானா சந்திப்பவர்களுக்கெல்லாம் சொல்கிறார். முதலில் மொனிற்றரை நிறுத்தினேன். பிறகு யன்னலுக்குப் பாய்ந்து, ஒட்டுநாடாவைப் பிய்த்து, இணையக் குச்சியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்திப் பிடித்தேன்.

நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, அது உன்ர பொக்கற்றுக்குள்ள இல்லை. உலகத்தில கிடக்கு."

குச்சியைத் திரும்ப மாட்டிக் கணினியை அறைந்து எழுப்பி உள்ளே போவதற்குள் பதில்கள் வரத் தொடங்கிவிட்டன. மருதமரத்தைக் கேட்டவர் எழுதியிருந்தார்: "அந்தப் பாதையாலதான் என்ர அப்பா வண்டில் கட்டிப் போனவர். அது பொதுப் பாதையெல்லோ?" பாரிஸிலிருந்து ஒருவர், "எங்கட வயலும் அங்காலதான். நானும் கேக்கிறன், எப்ப திறப்பீங்கள்?" வவுனியாவிலிருந்து ஒருவர், "உங்கட கிராமச் சங்கம் என்ன செய்யுது?" என் அனானிகூட வந்திருந்தார். "இண்டைக்குத்தான் உருப்படியா ஒண்டு போட்டிருக்கிறாய்." திரட்டியின் முகப்பில் என் பதிவு ஏறி உட்கார்ந்திருந்தது. எத்தனை நாள் அந்த இடத்துக்கு ஆசைப்பட்டேன்!

மறுநாள் மத்தியானம், நான் சாப்பாட்டு இடைவேளையில் கடையில் இருக்க, சங்கத் தலைவர் ஊரிலிருந்து பேருந்தேறி நேரே கடைக்கு வந்துவிட்டார். லண்டனில் இருக்கும் அவருடைய மருமகன் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறார். தகரக்கொட்டில்காரன் யார் என்பது ஊருக்கே தெரிந்த இரகசியம், அவருக்கும் தெரியும்.

"உதை எடுத்துப்போடும்" என்றார், இருக்காமலே.

"எதை ஐயா?"

"பகிடி விடாதையும். காலமை முகாம் பக்கமிருந்து ரெண்டு பேர் மோட்டார்சைக்கிளில வந்து ஆர் எழுதினது எண்டு கேட்டுப்போட்டுப் போயிருக்கினம். ஊருக்குக் கரைச்சல்."

எடுத்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் வாய் என்னைக் கேட்காமல் வேலைசெய்தது. "எடுக்கேலாது ஐயா. இது புதுப்பதிப்பு. எடுக்கிற பொத்தானை எடுத்துப்போட்டாங்கள்."

தலைவர் நானாவைப் பார்த்தார். "மெய்யோ?"

நானா முகத்தில் ஒரு தசை அசையவில்லை. "ஓம் ஐயா. இப்ப வாறதெல்லாம் அப்படித்தான். ஏறினது இறங்காது."

மூன்று பேருக்கும் நடுவில், திரையில், 'அழி' என்ற பொத்தான் செக்கச்செவேலென்று நின்றது. நல்லவேளை, தலைவர் கண்ணாடியைக் கொண்டுவரவில்லை.

"எடுக்கேலும்" என்று வாசலில் ஒரு குரல். பரமேஸ்வரி அக்கா. கையில் கிளினிக் கொப்பியும் மருந்துப் பையும். "முந்தநாள் வரைக்கும் ஒளிச்சு வைச்சிருந்தவருக்கு எடுக்கத் தெரியாதே? பின்வீட்டுப் பொடியன்ர போனில நேற்றுத்தான் பாத்தனான். இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் காட்டாமல் அடைகாக்கிற கோழி மாதிரி மேல ஏறி இருந்திருக்கிறார்."

"அக்கா, அது வந்து, செருகி..."

"செருகியாவது மண்ணாங்கட்டியாவது. தம்பி, எடுக்கத் தெரியாதெண்டு சொல்லாதையும். எடுக்கமாட்டன் எண்டு சொல்லும்." பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "நான் என்ர பேரைப் போட்டுத்தானே கேட்டனான், அண்ணை? பிழையெண்டால் என்னட்டை வரச் சொல்லுங்கோ. வாற ஆக்களிட்டையும் அதைத்தான் கேப்பன். எப்ப திறப்பீங்கள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. மோட்டார்சைக்கிள் நினைவுக்கு வந்தது. ஓடிவிடலாம் என்றால் வாசலில் அக்கா நின்றார்.

"எடுக்கமாட்டன், ஐயா" என்றேன். குரல் மெல்லிசாக, எலிக்குஞ்சு கத்தியதுபோல வந்தது. ஆனால் வந்தது.

தலைவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் மெதுவாகக் கதிரையில் இருந்தார். வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "என்ர வயல் துண்டும் அங்காலதான் கிடக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேர் போடாமலும் உதில எழுதலாமெல்லோ?"

"எழுதலாம் ஐயா."

"அப்ப நானும் கேக்கிறன் எண்டு ஒண்டு தட்டும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். நான் தட்டினேன். சங்கத் தலைவர் அனானியானார்.

அந்தச் செருகியை நான் மறுபடி பொருத்தவில்லை. மட்டுறுத்தலையும் நிறுத்திவிட்டேன். அடுத்த முறை களஞ்சிய வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை. தகரம் முடிந்துவிட்டது என்றார்கள். முடிந்திருக்கலாம். மோட்டார்சைக்கிள்காரர்கள் என்னைத் தேடி இரண்டு முறை வந்தார்கள். முதல் முறை கட்டிலுக்குக் கீழே இருந்தேன், உங்களிடம் மறைப்பானேன். இரண்டாம் முறை கதிரை போட்டு இருத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனார்கள். பதிவு அப்படியே இருந்தது.

அக்கா அதோடு விடவில்லை. நான் எதைப் பற்றி எழுதினாலும் முதற் பின்னூட்டம் அவருடையது, அதே கேள்வி. நண்டுக் குழம்பைப் பற்றி எழுதினேன்: எப்ப திறப்பீங்கள்? தாராபுரத்தில் நானா வீட்டுக் கலியாணச் சாப்பாட்டைப் பற்றி எழுதினேன்: எப்ப திறப்பீங்கள்? அதன் கீழே ரொறன்ரோவும் பாரிஸும் வந்து, நானும் கேக்கிறன், நானும் கேக்கிறன். பகிடிக்காரனின் பதிவு இப்படி ஆயிற்றே என்று எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். பகிடியை வாசிக்க ஆளில்லை. எல்லோரும் நேரே கீழே போனார்கள்.

அதன் பிறகு எத்தனையோ போய்விட்டன. திரட்டியை மூடிவிட்டார்கள். அனானிகள் முகநூலுக்குப் போய்ச் சொந்தப் பெயரில் திட்டப் பழகிவிட்டார்கள். நானா கடையில் இப்போது கணினி இல்லை, தொலைபேசி உறைகள் தொங்குகின்றன. கனடா நண்பன் வழங்கிக்குக் கட்டணம் கட்டுவதை நிறுத்த, தகரக்கொட்டில் முழுதாக மறைந்தது. ஒரு பதிவு, ஒரு பின்னூட்டம் மிச்சமில்லை. உவ்வளவு எழுதி என்ன கண்டாய் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். வைரவர் கோயிலடிக் கம்பியையும் ஒரு நாள் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஏனென்று சொல்லவில்லை. என் எழுத்தால் என்று நானும் சொல்லவில்லை. பரமேஸ்வரி அக்கா அந்தப் பாதையால் உழவு இயந்திரத்தில் ஏறிப் போனார், பின்னால் சங்கத் தலைவர் நடந்து போனார். அன்றைக்குத் தகரக்கொட்டில் இருந்தது, எல்லாப் பின்னூட்டங்களோடும். முதலில் போனது கம்பிதான்.