பன்னிரண்டாம் நாள் திறந்த கிணறு

ஓரின் ட்வெய்ட் காலையில் ஆறு எண்ணெய்க் கிணறுகளையும் சுற்றிப் பார்த்து, தொட்டிகளை அளந்து எழுதிவிட்டு, ஒன்பது மணிக்கு எங்கள் காபிக் கடைக்கு வருவார். அங்கே பகடை உருட்டுவார்கள். தோற்றவர் மேசையில் இருக்கும் எல்லாருக்கும் காபி வாங்க வேண்டும். வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கம் இப்படித்தான். நான் பத்தாம் வகுப்போடு நின்று இங்கே வேலைக்கு வந்தவள். அதிகம் பேச மாட்டேன். அதனால் என் முன்னால் எல்லாரும் எல்லாம் பேசுவார்கள்.

அந்த ஆறில் ஒன்றுக்கு ராக்னா என்று பெயர். ஓரினின் இறந்துபோன அம்மாவின் பெயர் அது. தோண்டும்போது நிலம் அவள் பெயரில் இருந்தது. கிணறு கம்பெனியுடையது, ஓரின் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான். ஆனாலும் அவர் "ராக்னா இன்னைக்கு அறுபத்தஞ்சு பீப்பாய்" என்று சொல்லும்போது, பிள்ளையின் மார்க்கைச் சொல்வது போல இருக்கும்.

எதிர் நாற்காலி டெல்வின் லொக்கனுடையது. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். டெல்வின் பக்கத்துக் கம்பெனியின் கிணறுகளைப் பார்ப்பவர். ஆறு வருடங்களுக்கு முன்னால் டெல்வினின் பழைய கிணறு ஒன்றின் அருகே புதுக் கிணறு தோண்டி, தண்ணீரையும் மணலையும் அழுத்திச் செலுத்திப் பாறையை உடைத்தார்கள். நிலத்தடியில் அந்த விரிசல் எவ்வளவு தூரம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பக்கத்தில் உள்ள பழைய கிணறுகளை, உடைத்து முடிக்கும்வரை மூடி வைப்பார்கள். சிலது திறந்த பிறகு செத்துப்போகும். டெல்வினுடையது நாற்பதிலிருந்து தொண்ணூறுக்கு ஏறியது. அதே மாதம் ராக்னா ஏழு பீப்பாய் இறங்கியது.

"அது என் எண்ணெய்டா," என்றார் ஓரின்.

"உங்கம்மா நல்ல மனசுக்காரங்க. பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் குடுத்தாங்க," என்றார் டெல்வின்.

மேசை சிரித்தது. ஓரினும் சிரித்தார். அவர் காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. அந்தத் தொண்ணூறை அவர் ஆறு வருடம் மறக்கவில்லை.

போன இலையுதிர்காலத்தில் ராக்னாவுக்குப் பக்கத்திலேயே நான்கு புதுக் கிணறுகள் வந்தன. மூன்று வாரம் மூடி வையுங்கள் என்று கம்பெனி சொன்னது. ஓரின் மூடினார். தினமும் போய் அழுத்தமானியை மட்டும் பார்த்துவிட்டு வருவார். பத்தாம் நாள் முள் ஏறியது. பதினொன்றாம் நாள் இன்னும் ஏறியது.

"இப்ப டெல்வினோடது இந்தப் பக்கம் வருது வெர்லா. மூடியே வெச்சா திரும்பிப் போயிடும்," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

பாறை உடைப்பவர்கள் இன்னும் வேலையை முடிக்கவில்லை என்பது எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா? பன்னிரண்டாம் நாள் யாரிடமும் கேட்காமல் திறந்து, மேலும் கீழும் தலையாட்டும் அந்தப் பம்பை ஓடவிட்டார். அன்று தொட்டி மளமளவென்று நிறைந்தது. கடைக்கு வந்து, பகடையைத் தொடாமலே எல்லாருக்கும் ஒரு துண்டு ஆப்பிள் பை வாங்கிக் கொடுத்தார். டெல்வின் தட்டைத் தள்ளி வைத்தார்.

"திறந்துட்டியா? அவங்க இன்னும் பாறைய உடைச்சிட்டு இருக்காங்களேடா."

"வயிறு எரியுதா?"

"எரியல. பயமா இருக்கு."

தொட்டியில் நிறைந்தது முக்கால்வாசி தண்ணீர். திறந்த மூன்றாம் நாள் பம்பு இறுகி நின்றது. கிணற்றுக்குள் இறங்கும் பம்புக் கம்பிகளை உருவி எடுத்தபோது உள்ளே முழுக்க மணல். சுத்தம் செய்து ஓட்டினால் பதினொரு பீப்பாய்தான் வந்தது. குளிர்காலம் முடிவதற்குள் கம்பெனி அந்தக் கிணற்றைப் பக்கத்துக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. இனி ராக்னாவைப் பார்க்கும் ஆள் டெல்வின்.

அதன் பிறகு ஓரின் நாற்காலியை மாற்றிக்கொண்டார். டெல்வினுக்கு முதுகு காட்டி, நான் காபி ஊற்றும் மேடைக்கு எதிரே உட்காருவார். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் வாரம், "ராக்னா இப்ப எத்தனை பீப்பாய்னு அவன்கிட்ட நீயே கேளேன் வெர்லா. நான் கேட்டேன்னு சொல்லாத," என்றார்.

காபி ஊற்றப் போன சாக்கில் கேட்டேன். டெல்வின் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பதினேழு. அவன்கிட்ட பதிமூணுன்னு சொல்லு."

வந்து பதிமூன்று என்றேன். ஓரின் கரண்டியால் வெறும் கோப்பையைக் கலக்கினார்.

"பொய்," என்றார். "காலையில ரோட்டோரம் வண்டிய நிறுத்திட்டு எண்ணிப் பார்த்தேன். நிமிஷத்துக்கு ஆறு தடவை தலையாட்டுறா. எங்கிட்ட நாலுதான், அப்ப பதினொண்ணு. ஆறுன்னா பதினாறு, பதினேழு வரணும்."

நான் அவர் கோப்பையில் காபி ஊற்றினேன்.

"எங்கம்மாவ எனக்குத் தெரியாதா?" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மணல் ஏறாம ஆறுக்கு எப்படிக் கொண்டுவந்தான்னு மட்டும் நாளைக்குக் கேளு," என்றார்.