இக்ராமிடம் அடி வாங்கியவர்கள்

தன் மகன் தங்கமான பிள்ளை என்று யாராவது சொன்னால் இப்றாஹிம் முதலாளிக்கு எரிச்சல் வந்தது. மகன் இறந்த நாற்பதாம் நாள் ஓதும் கத்தத்துக்கு வட்டவளைக் கடைத்தெருவே அவர் வீட்டில் கூடியிருந்தது. சோற்றில் கை வைக்கும் முன்பே ஆளுக்கு ஒரு தரம் தங்கம் என்று சொல்லியாயிற்று. சண்டை என்று காதில் விழுந்தால் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடியவன் இக்ராம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை வட்டவளைக்கு நிரூபித்துக் காட்டியவனே அவன்தான். செத்துப்போனதும் தங்கமாகிவிட்டான்.

ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் ஜனாஸாவைத் தூக்குமுன் வீட்டு ஆண் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து, இவர் உங்களில் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பார். பொருந்திக்கொண்டோம் என்று கூட்டம் சொன்ன பிறகுதான் கபுரடிக்குப் பயணம். இக்ராமுக்கு அது நடக்கவில்லை. மன்னார்க் கடலில் கள்ளக்கடத்தல் தோணியை விரட்டிப்போன கடற்படை ஆபீசர் அவன்; மண்டை பிளந்து கரைக்கு வந்தான். அங்கேயே அடக்கிவிட்டார்கள். தந்தி வட்டவளைக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடி வாங்கியவர்கள் யாரும் பொருந்தாமல் பிள்ளை மண்ணுக்குள் கிடக்கிறானே என்பதுதான் அந்த நாற்பது நாளும் இப்றாஹிமின் கவலை. 

அவர் எழுந்து நின்றார்.

"தங்கம் வெள்ளியெல்லாம் வேணாம். என்ட மகன் யார யார அடிச்சானோ, அதச் செல்லுங்க. செல்லிட்டுப் பொருந்திக்கங்க."

 அட்டன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த பழனியாண்டிதான் முதலில் எழுந்தார். இக்ராமோடு ஒரே வகுப்பில் படித்தவர். வாயைத் திறந்து மேல்வரிசையில் இரண்டு பல் இல்லாத இடத்தைக் காட்டினார். பந்தாட்டத்தில் வந்த தகராறு; தலைமயிரைப் பிடித்துக் கோல் கம்பத்தில் மோதினானாம். பிறகு அவனே முதுகில் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் ஓடி மருந்துக் கடைக்குக் கொண்டுபோனானாம். அங்கே கொஞ்சம் காத்திருக்கச் சொன்ன மருந்துக்காரருக்கும் ஒரு குத்து. கூட்டம் சிரித்துவிட்டது. பழனியாண்டி பொருந்திக்கொண்டார். மருந்துக்காரருக்கும் சேர்த்து என்றார்.

அடுத்தது சரிபுதீன். இக்ராமோடு ஒரே படகில் ஏழு வருஷம் இருந்தவர். இதற்காகவே மன்னாரிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். அவர் மூக்கு ஒரு பக்கம் கோணியிருந்தது. கை கட்டிப் படுக்கப்போட்டிருந்த தோணிக்காரன் ஒருவனை அவர் காலால் உதைத்தார் என்று இக்ராம் கொடுத்த பரிசு அது. கட்டிப்போட்டவனை அடிப்பவன் ஆம்பிளையா என்று கேட்டுக் கேட்டுக் குத்தினானாம். சரிபுதீனும் பொருந்திக்கொண்டார்.

கடைசி நாளையும் அவர்தான் சொன்னார். விடியும் நேரம். கடத்தல் தோணிக்குள் முதலில் குதித்தவன் இக்ராம். இரண்டு பேரை வெறுங்கையால் வீழ்த்தினான். மூன்றாமவன் பின்னாலிருந்து துடுப்பால் மண்டையில் போட்டான். கண்ணை இரத்தம் மறைக்க, இக்ராம் எழுந்து அவன் குரல்வளையைப் பிடித்தான். இன்னொருவனின் துடுப்பும் மண்டையில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை என்றார் சரிபுதீன். துடுப்புப் பிடித்த இரண்டு பேரையும் அவர் அங்கேயே சுட்டுக் கொன்றார். அப்படியும் இக்ராமின் பிடியை விரல் விரலாகப் பிரிக்கவேண்டியிருந்ததாம். உள்ளறையில் இக்ராமின் உம்மா அசீசா வாய்விட்டு அழுதாள்.

இப்றாஹிம் அழவில்லை. அவர் கண் வாசற்படியில் நின்ற மாயாண்டி மேல் இருந்தது. மற்ற எல்லாரும் பொருந்தி இவன் ஒருவன் பொருந்தாவிட்டால் அவ்வளவும் வீண் என்று அவர் நினைத்தார். தேயிலை கவ்வாத்து வெட்டுகிற மாயாண்டிக்கு இடது கண் கிடையாது. பதினொரு வருஷமாக இந்தப் படி ஏறாதவனை அவரே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அழைத்திருந்தார்.

ஐம்பத்தொன்றில், இப்றாஹிமின் துணிக்கடையில் ஒரு பட்டுச் சுருளைக் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூட்டை தூக்க வரும் மாயாண்டிமேல் அவருக்குச் சந்தேகம். கடைக் கதவைச் சாத்தி, துணி அளக்கும் இரும்புக் கெஜக்கோலை மகன் கையில் கொடுத்து, அடித்துக் கேள் என்றார். சின்ன வயசுக் கூட்டாளியை அடிக்க மாட்டேன் என்ற மகனைக் கன்னத்தில் அறைந்தார். பிறகு இக்ராம் அடித்தான். தொடங்கினால் நிறுத்தத் தெரியாதது அவன் பிறவிக் குணம். மாயாண்டியின் கண் போனது. போலீசுக்குப் போகவும் வழியில்லை. தோட்டத்து ஆட்களின் குடியுரிமையைப் பறித்திருந்த காலம், நீ எந்த நாட்டுக்காரன் என்றுதான் முதலில் கேட்பார்கள். நாலாம் நாள் அலுமாரிக்குப் பின்னால் பட்டுச் சுருள் கிடைத்தது. இப்றாஹிம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். பார்த்தவன் இக்ராம் ஒருவன்தான். அடுத்த மாதமே அவன் கடற்படையில் சேர்ந்துவிட்டான். மகன் நாட்டுக்காகப் போயிருக்கிறான் என்று இவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

"மாயாண்டி, நீ செல்லு," என்றார் இப்போது.

"அவன் எங்கிட்ட பொருத்தம் கேட்டு ரெண்டு வருசமாச்சுங்க மொதலாளி," என்றான் மாயாண்டி. "லீவுல வந்தப்ப நேரா லயத்துக்கு வந்தான். வெறகுக் கட்டய எடுத்து எங்கையில குடுத்து அடிடான்னான். மாட்டேன்னேன். பட்டு கெடச்ச கதய சொன்னான். அப்பறம் அடிச்சேன். எலும்பு ஒடையிற சத்தம் கேட்டுச்சு. அவன் கைய ஓங்கவே இல்ல."

தோள்பட்டை எலும்பு முறிந்து இக்ராம் வீட்டுக்கு வந்த நாள் இப்றாஹிமுக்கு ஞாபகம் இருந்தது. றொசல்ல ஸ்டேஷனில் ரயிலிலிருந்து விழுந்தேன் என்றான். எண்ணெய் போட்டுக் கட்டியது இவர்தான்.

"அவனுக்கும் எனக்கும் ஒண்ணுமில்லீங்க. நிம்மதியா தூங்கட்டும்."

பட்டு கிடைத்தது என்ற சொல்லைக் கடைத்தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. பழனியாண்டி இப்றாஹிமைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நாற்பது நாளாக வேண்டிக் கிடந்தது மகனுக்குக் கிடைத்துவிட்டது.  இப்றாஹிம் வெட்கத்தைவிட்டு வாசற்படிவரை நடந்து போனார்.

"என்னையும் பொருந்திக்க, மாயாண்டி."

மாயாண்டி ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தான். அவன் குரலில் கோபம் இல்லை.

"நான் செத்தவனுக்காக வந்தேங்க மொதலாளி. நீங்க உசுரோடதான இருக்கீங்க."

சாப்பிடாமலே படியிறங்கிப் போனான்.