ஷீலா என்கிற எங்கள் தவமலர் அக்கா

எங்கள் ஊர் நாரந்தனையில் காலையில் நடந்த சாவு, யாழ்ப்பாணத்தில் பாங்கில் வேலையாக இருந்த எனக்கு ரொறன்ரோவிலிருந்துதான் தெரியவந்தது. "ஷீலா போயிட்டாவாம், கேள்விப்பட்டனீரே?" என்றார் அங்கிருந்து போனெடுத்த என் மைத்துனர். பக்கத்து வீட்டுத் தவமலர் அக்காவைத்தான் சொல்கிறார் என்று புரியச் சற்று நேரமாயிற்று.

கொழும்பு மேடைகளில் பொப் பாடல் பாடிய ஷீலாவை உங்களில் பலர் வானொலியில் கேட்டிருப்பீர்கள். பஸ்ஸைத் தவறவிட்ட பெண்ணொருத்தி கொண்டக்டரைத் திட்டும் அந்தத் துள்ளிசைக்கு ஆடாத கலியாணவீடு அக்காலத்தில் குறைவு. அதே ஷீலா எங்கள் ஊரில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கோயில் பஜனையில்கூட வாய் திறக்கமாட்டார்.

ஏன்? ஊரில் ஆளுக்கொரு கதை. தகப்பன் தடுத்தார், காதல் முறிந்தது, தொண்டையில் ஏதோ வருத்தம். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வேலியடியில் நின்று நேரேயே கேட்டேன்.

"ஏனக்கா பாடுறதை விட்டனீங்கள்?"

"நீர் எந்தக் கதையை நம்புறீர்?"

"தொண்டை வருத்தம்."

"அப்ப அதையே வைச்சிரும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சில வருடங்களின் பின் மறுமொழி குறிகட்டுவான் இறங்குதுறையில் கிடைத்தது. நயினாதீவு அம்மனிடம் போக அக்காவும் என் மனைவியும் நானும் படகுக்கு நின்றோம். அந்தத் தீவிலுள்ள புத்த விகாரைக்குப் போகத் தெற்கிலிருந்து வந்திருந்த கூட்டத்திலிருந்து வழுக்கைத்தலைப் பெரியவர் ஒருவர் விலகி வந்து, அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஷீலா?"

அக்கா கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். "சுனில்! உன்ர தலைமயிர் எங்கயடா?"

சுனில் அவருடைய இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர். கொழும்பு இனக்கலவரத்தில் அக்காவின் தகப்பனுடைய கடை எரிந்தபோது அவர்கள் குடும்பத்தைத் தன் வீட்டுக்குள் ஒளித்து வைத்தவர். அவர்கள் கப்பலேறி வடக்கே வந்தபின் இருவரும் கண்டதில்லை.

படகில் சிங்களத்தில் பேசினார்கள். போகப் போகக் குரல்கள் உயர்ந்தன. என்ன பழைய கோபமோ என்று பயந்தேன். அவர் பலகையில் விரல்களால் தட்டினார். அக்கா மறுத்துத் தலையாட்டி, வேகத்தைக் குறைத்து ஆறுதலாகத் தட்டிக் காட்டினார். அப்படித் தட்டியபடியே பாடத் தொடங்கிவிட்டார். குரல் இடையிடையே உடைந்தது. ஆனால் எஞ்சின் இரைச்சலை மீறி அந்தப் பெண் கொண்டக்டரைத் திட்டத் திட்ட, ஒரு சொல்லும் விளங்காத யாத்திரிகர்கள் கைதட்டினார்கள்.

இறங்கும்போது, "என்னக்கா சண்டை?" என்றேன்.

"பாட்டை வேகமா ஓட்டி அடிப்பான். அண்டைக்கும் சொன்னனான், இண்டைக்கும் சொல்லுறன்."

சற்றுத் தூரம் நடந்தபின் அவராகவே நின்றார். "இஞ்ச வந்து வேற ஆக்களோட ஒருக்காப் பாடிப் பாத்தனான் தம்பி. குரல் வந்தது, துள்ளல் வரேல்லை. எரிஞ்ச கடைதான் கண்ணுக்க நிண்டது. அழுதுகொண்டு பாட அது என்ன ஒப்பாரியே?"

அதன்பின் இருவரும் அடிக்கடி தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள்.

செத்தவீட்டில் அக்காவின் மகள் என் கையில் போனைத் தந்தாள். "சுனில் மாமாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு ஏலாது."

அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் தமிழில், "நீங்கதானா பாங்க் தம்பி?" என்றார். அக்காவும் தானும் போனிலேயே அந்தப் பாட்டுக்குப் புதிதாக ஒரு சரணம் கட்டியிருந்தார்களாம். தனக்குத் தெரிந்த தமிழில் பாடிக் காட்டினார். பஸ்ஸில் ஏறிய பாங்க்காரர் ஒருவர், ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரிடமும் ஏன், எதற்கு என்று விசாரித்துக்கொண்டே தான் இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்.

செத்தவீடென்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தச் சரணம். மெட்டு இன்னும் பிடிபடவில்லை. சுனிலிடம் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.