வெளிச்சம் தாமதமாக வரும் வழி: வேப்பனப்பள்ளியிலிருந்து ஓசூருக்கு

கும்பிட்டுக் கேட்கிறேன், இதை எங்கள் வீட்டார் யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவின் போனில், போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன். என்னைப்போல ஒரு உரை கேட்கப் போக நினைக்கும் பெண்களுக்கு வழி தெரியட்டும் என்றுதான்.

நேற்று சனிக்கிழமை. ஓசூரில் ஒரு கல்லூரியில் ஈர்ப்பு வில்லை பற்றி இலவச உரை. வீட்டில் கேட்டால் விடமாட்டார்கள். "உன்னப் பத்தி ஒரு பேச்சு வரட்டும், பன்னெண்டாவதோட நிறுத்தி வேலைக்கு அனுப்பி கம்பெனி ஹாஸ்டல்ல விட்டுருவேன்" என்று அப்பா சொல்லி வைத்திருக்கிறார். ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லி, யூனிஃபார்மிலேயே கிளம்பினேன்.

காலை ஏழரைக்கு வேப்பனப்பள்ளியில் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கிருஷ்ணகிரியில் மாறினால் ஓசூர் ஐம்பது கிலோமீட்டர்.

"யூனிஃபார்ம்ல எங்கம்மா, ஓசூருக்கு?" என்றார் ஓசூர் பஸ் கண்டக்டர்.

"ஸ்பெஷல் கிளாஸ்ண்ணா."

"ஐம்பது கிலோமீட்டர் தள்ளியா? நாங்கெல்லாம் பக்கத்துத் தெரு கிளாஸுக்கே போகல!"

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சூளகிரி தாண்டி லாரிகள் வரிசையாக நின்றன. எதனால் என்று கடைசிவரை தெரியவில்லை. முக்கால் மணி நேரம் தாமதம்.

உரையாற்றிய அக்கா பொறுமையாக விளக்கினார். மிகத் தொலைவில் ஓர் ஒளி. இடையில் ஒரு பெரிய விண்மீன் மண்டலம். அதன் ஈர்ப்பு ஒளியை வளைப்பதால், ஒரே ஒளி இரண்டாகவோ நான்காகவோ நமக்குத் தெரியும். அந்த ஒளி திடீரென்று கூடினால், ஒரு பிம்பத்தில் அது முதலில் தெரியும். இன்னொன்றில் சில நாளோ வாரமோ கழித்து. கிளம்பியது ஒன்றாகத்தான், வழிதான் வேறு.

எப்படியோ கை தூக்கிவிட்டேன். "லேட்டா வர்றத நம்பலாமா மேடம்?"

"அதத்தான் ரொம்ப நம்புவோம். கணக்குப் போட்டதுக்கும் வந்ததுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தா, வழியில கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் அங்கங்க கட்டிகட்டியா இருக்கலாம். அதத் தேட அந்தத் தாமதமும் ஒரு வழி."

சூளகிரி லாரிகள் ஞாபகம் வந்தன. எனக்கு அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.

வெளியே வந்தால், எதிர்க்கடையில் ஓசூர்ச் சித்தி. ஓடி ஒளியாமல், பழக்கத்தில் கையாட்டிவிட்டேன்.

நான் வீடு சேரும் முன்பே அம்மாவுக்குப் போன் வந்துவிட்டது. அம்மா அடிக்கவில்லை. களி உருண்டையைத் தட்டில் வைத்து, "பையன் யாராச்சும் கூட வந்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லம்மா. நட்சத்திரம் பத்திப் பேசினாங்க, அதுக்குத்தான்."

"அதுக்கா இம்புட்டு தூரம் போன? கிறுக்கச்சி." களிக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, "என்ன சொன்னாங்க?" என்றாள். சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

அதே செய்தி அப்பாவுக்கு வேறு வழியில் போகிறது. அவர் வேலை செய்யும் இடத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஷிஃப்ட் மாறும்போது உள்ளே போகும் சித்தப்பா, அந்தச் சித்தியின் கணவர், கேட்டில் சொல்லியிருப்பார். அதன்பின் அப்பா கம்பெனி பஸ்ஸில் கிருஷ்ணகிரி, அங்கிருந்து பைக். எப்போதும் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு வந்துவிடுவார். இப்போது ஒன்றே கால். கோபமென்றால் முன்னாடியே வந்திருப்பார் என்று தோன்றுகிறது. வழியில் என்னவோ அவரை இழுத்துப் பிடித்திருக்கிறது. அது என்னவென்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: யூனிஃபார்ம் வேண்டாம். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அம்மாவிடம் மட்டுமாவது சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொல்லியிருந்தால் அவளும் வந்திருப்பாளோ என்று

கதவு. பைக் சத்தமே கேட்கவில்லை, தெருமுனையிலிருந்தே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். அப்பா இவ்வளவு மெதுவாக ஒருநாளும் தட்டிய