சாமைக் களத்துக் காற்றும் ஒரு படகுப் பந்தயமும்

ஜவ்வாது மலையில் பிறந்தவன் கடலில் படகுப் பந்தயம் போனான் என்றால் எங்கள் ஊரில் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சென்னையில், வாணியம்பாடிக்காரர் ஒருவரின் தோல் கிடங்கில் வேலை பார்த்தேன். மலையிலிருந்து, தோல் பதனிட உதவும் கடுக்காய் மூட்டைகளோடு வந்து அப்படியே ஒட்டிக்கொண்டவன். முதலாளியின் தம்பியான சின்ன முதலாளிக்குப் படகுப் பைத்தியம். மூன்று பேர் உட்காரும் சின்னப் பாய்மரப் படகு வைத்திருந்தார். கவிழாமல் இருக்க அதன் அடியில் கனத்த இரும்புத் தகடு உண்டு. இருந்தாலும் பலத்த காற்றில் படகு சாயும். அப்போது மேலே எழும்பும் விளிம்பில் ஓர் ஆள் உட்கார்ந்து, முதுகை வெளியே தள்ளி அழுத்த வேண்டும்.

அந்த மார்கழியில் அவருடைய மூன்றாவது ஆள் ஊரோடு போய்விட்டான். சின்ன முதலாளி கிடங்குக்கு வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார். தோல் கட்டு தூக்கி உரமேறிய என் தோள் அவர் கண்ணில் பட்டது.

“ஞாயித்துக்கெழம வா. பந்தயத்துல ஒழுங்கா வந்தேன்னா சீசன் பூரா நீதான். இல்லன்னா வேற ஆள பாக்குறேன்.”

வாரம் முழுக்கத் தோல் நாற்றத்தில் கிடந்தவனுக்கு அந்த இடம் வேண்டும். வெறியோடு வேண்டும். இரண்டு ஞாயிறு பழகினேன். மூன்றாவது ஞாயிறு பந்தயம்.

துறைமுகச் சுவரைத் தாண்டியதும் காற்று அறைந்தது. ஏழு படகுகளில் நாங்கள் இரண்டாவதாகப் போனோம். சின்ன முதலாளி சுக்கானைப் பிடித்திருந்தார். அவருடைய மைத்துனர் பாய்க் கயிற்றைப் பிடித்திருந்தார். விளிம்பில் இருந்த நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். தூரத்தில் தண்ணீர் ஓரிடத்தில் கறுத்து, அந்தக் கறுப்பு எங்களை நோக்கி ஓடி வந்தது.

எங்கள் மலையில் சாமை தூற்றக் காற்றை எதிர்பார்த்துப் பாறைக் களத்தில் முறத்தோடு குந்தியிருப்போம். எதிர்ச் சரிவில் புல் படுப்பதை முதலில் பார்த்தவர் “வருது!” என்று கத்த வேண்டும். உடனே அத்தனை பேரும் எழுந்து முறத்தைத் தூக்குவோம். விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்கு அது பழக்கம்.

“வருது!” என்று கத்தினேன். கத்திய வேகத்தில் எழுந்தும் நின்றுவிட்டேன். இரண்டு கையையும் வேறு தூக்கிக்கொண்டு!

படகு படுத்துவிட்டது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மைத்துனர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

“இன்னாடா பண்ற நீ?” என்று சின்ன முதலாளி அலறினார்.

படகு நிமிர்ந்தபோது நாங்கள் கடைசி. வாளியால் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. கிடைத்த இடத்தை நானே கெடுத்துக்கொண்டேனே!

கொஞ்ச நேரம் கழித்துச் சின்ன முதலாளி திரும்பாமலே கேட்டார். “காத்து வர்றது உனக்கு எப்பிடிரா தெரிஞ்சுது?”

“தண்ணி கறுக்குதுங்க. எங்க மலையில புல்லு படுக்குற மாதிரிங்க.”

“மறுபடியும் பாத்தா சொல்லு. எழுந்தே, கடல்ல தள்ளிடுவேன்.”

உட்கார்ந்தபடியே ஒவ்வொரு தடவையும் சொன்னேன். நான் சொன்னதும் மைத்துனர் கயிற்றைத் தளர்த்துவார், சின்ன முதலாளி படகைக் காற்றுப் பக்கம் திருப்புவார். மற்றவர்களோ காற்று அடித்த பிறகுதான் தடுமாறினார்கள். ஒவ்வொரு படகாகத் தாண்டி மூன்றாவதாக வந்தோம்.

கரையில் சட்டையைப் பிழிந்தபடி சின்ன முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உனக்கு நீச்சல் தெரியுமாடா?” என்றார்.

மலையில் எனக்குத் தெரிந்த தண்ணீர் முழங்காலளவு ஓடைதான். பொய் நாக்கு நுனி வரை வந்தது. “தெரியாதுங்க” என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. மைத்துனரைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

“நாளையிலேர்ந்து காலையில கெடங்குக்கு வராத” என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது.

“நீச்சக் கொளத்துக்குப் போ. அடுத்த பந்தயத்துக்கு மூணு வாரந்தான் இருக்குது.”