கைப்பிடியில் இல்லாத எழுத்து

செருப்புத் தொழிற்சாலையின் விளம்பரங்களுக்குப் படம் போட்டுப் பிழைத்தவள் லவினியா. தொழிற்சாலை மூடியதும் வேலை தேடி மேற்கே போன புருஷன், போனவன்தான். பிள்ளை வில்பருக்குத் தொண்டை அடைப்பான் கண்டபோது மருந்துக்காக அவன் கஞ்சி குடித்த வெள்ளிக் கிண்ணத்தை விற்றாள். பரம்பரைக் கிண்ணம். அந்த வீட்டில் பிறந்த குழந்தைகளின் முதல் எழுத்தெல்லாம் அதன் கைப்பிடியில் வரிசையாக வெட்டியிருக்கும். கடைசி எழுத்து வில்பருடையது. மருந்து கேட்கவில்லை, பிள்ளை போய்விட்டான். கல்லறைக்கு ஒரு கல் நட அவளுக்கு வக்கில்லை. அவன் பெயருக்கு உலகத்தில் மிஞ்சிய அடையாளம் அந்தக் கைப்பிடி மட்டும்தான்.

வேலையில்லாத ஓவியர்களுக்கு அரசாங்கம் ஒரு வேலை கொடுத்தது: நாட்டின் பழைய சாமான்களை உள்ளது உள்ளபடி வரைந்து வைப்பது. அமெரிக்காவிலும் ஒரு சேலம் உண்டு; அங்கே தேயர் என்ற பணக்காரர் வீட்டு வெள்ளிச் சாமான்களை வரைய லவினியாவை அனுப்பினார்கள். மேசைக்கு வந்த முதல் கிண்ணமே அதுதான். பதறிப்போய்க் கைப்பிடியைத் தடவினாள். பழைய எழுத்துகள் இருந்தன. வில்பரின் இடம் மழமழவென்று கிடந்தது.

"இங்க ஒரு எழுத்து இருந்துச்சே?"

"அதுவா? யாரோ நேத்து முளைச்சவங்க கிறுக்கினது. கிண்ணத்தோட மதிப்பே கெட்டுடும்னு என் வீட்டுக்காரர் தேய்ச்சு எடுக்கச் சொல்லிட்டார்," என்றாள் திருமதி தேயர். "இப்ப எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க!"

லவினியா தூரிகையை எடுத்தாள். விற்றவளுக்கு என்ன உரிமை?

வெள்ளிக்கென்று சொந்த நிறம் கிடையாது. சாம்பல் நீர்வண்ணத்தில் பூச்சுமேல் பூச்சாகப் பல நாள் வரைந்தாள். கடைசியில், மனசு கேட்காமல், வில்பரின் எழுத்தையும் அதன் இடத்தில் வரைந்துவிட்டாள்.

மேற்பார்வையாளர் ஹார்லன் பூதக்கண்ணாடியோடு வந்தார். "இது எங்கேருந்து வந்துச்சு? கிண்ணத்துல இல்லையே."

"இருந்துச்சு சார்."

"இருந்ததை வரைய நம்மளை வைக்கலம்மா, இருக்கறதை வரையத்தான். எடுத்துடுங்க. இல்லேன்னா படத்தையும் தள்ளிடுவாங்க, உங்களையும் தள்ளிடுவாங்க." நல்ல மனுஷன்தான், அதட்டவில்லை. "ஆமா, யாரோட எழுத்து அது?"

"தெரியாது சார்," என்றாள் பாவி. பெற்றவளே தன் வாயால் சொன்னாள்.

தூரிகையைத் தண்ணீரில் நனைத்து எழுத்தை ஊறவைத்தாள். துணியால் ஒற்றி எடுத்தாள். மேலே ஒரு சாம்பல் பூச்சு கொடுத்தாள்.

ஹார்லன் குனிந்து பார்த்தார்.

"அடேயப்பா! அங்க ஒண்ணு இருந்த தடமே தெரியலையே. உங்க கை யாருக்கு வரும்!"