நான் கையெழுத்துப் போட்டு வாங்கிய கடிதம்

அப்போது ஓசூரில் ஒரு சாயக் கம்பெனியில் வேலை பார்த்தேன். என் மகள் ஷாகிரா சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, எங்கள் பகுதிக் கிணற்று நீரை ஆராய்ச்சி செய்ய பெங்களூரிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்திருந்தாள். எங்கள் கம்பெனிக் கழிவு ஓடும் இடத்துக் கிணறுகளிலும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து வந்தாள்.

ஒருநாள் சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உம் பொண்ணு நம்ம பக்கம் தண்ணி புடிச்சிட்டுப் போவுதாமே? உனக்கு வேலை வேணுமா, வேணாமா?" என்றார். பயந்துவிட்டேன்.

அந்த வாரமே அந்த நிறுவனத்திலிருந்து அவளுக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. அவள் வீட்டில் இல்லை. நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, ஒளித்து வைத்துவிட்டேன்.

"லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா அத்தா?" என்று தினமும் கேட்டாள்.

"வரலம்மா" என்றேன்.

ஒரு மாதம் பொறுத்து அவளே பெங்களூர் போய் விசாரித்தாள். தேர்வு முடிந்துவிட்டிருந்தது. கடிதம் கிடைத்ததற்கு அத்தாட்சியாக என் கையெழுத்துள்ள அட்டையைக் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்தவள் சத்தம் போடவில்லை.

"பாத்ததுமே உங்க கையெழுத்துன்னு தெரிஞ்சிபோச்சு அத்தா. நாந்தான் தேதிய மறந்துட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் வேலை நிலைத்தது. ஷாகிரா ஓர் ஆபீசில் டைப் அடிக்கிறாள். நான் எவ்வளவோ கெஞ்சியும் மறுபடி விண்ணப்பிக்கவில்லை. இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு வரும் தபாலை அவர்கள் கையிலேயே கொடுக்கும்படி தபால்காரரிடம் சொல்லியிருக்கிறேன். மகன்களுக்கு ஏதேதோ வருகிறது. அவளுக்கு எதுவும் வருவதில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஓசூர்